அலிஸ் ஸ்ரூவேட் அம்மையாரும் குழந்தைப் புற்றுநோய் ஆராய்ச்சியும்

1895ஆம் ஆண்டு நவம்பர் மாதத்திலே ஜேர்மனி தேசத்து வூர்ஸ்பேர்க் நகரில் றொண்ட்ஜன் என்னும் பௌதிகப் பேராசிரியர் புதியதொரு கதிரைக் கண்டனர். அதன் இயல்பு இன்னதெனத் தெளியாமையின், கணிதநூலார் அறியாக் கணியத்துக்கு இடும் எழுத்தையே அதற்குப் பெயராக இட்டனர். எக்ஸ்-கதிர் என இன்று யாவரும் வழங்குவது அதுவே. தம் மனைவியாரின் கையெலும்புகளையும் அக்கையில் அணிந்திருந்த மோதிரத்தையும் அவர் படமாக எடுத்துக் காட்டியபொழுது உலகம் வியந்தது. ஊனைக் கிழியாமலே உள்ளிருக்கும் என்பைக் காணலாமெனில், அதனை விரும்பாதார் யார்? வைத்தியர் மாத்திரமன்றி வணிகரும் அக்கதிரைக் கையாளத் தலைப்பட்டனர். 1950ஆம் ஆண்டையடுத்த காலத்திலே இங்கிலாந்து, அமெரிக்கா முதலிய நாடுகளின் சப்பாத்துக் கடைகளில், சிறுவரின் கால்விரல்கள் புதுச் சப்பாத்தினுள் நெருக்குண்கின்றனவோ என நோக்குதற்கு எக்ஸ்-கதிர்ப் பெட்டிகள் வைக்கப்பட்டிருந்தன என்பதை இக்காலத்து மாணவர் நம்புதல் அரிது.

அக்கதிரால் தீங்குண்டாதலை எவரும் அறியாதிருந்தனர் என்று கூறுதற்கில்லை. அமெரிக்க விஞ்ஞானி எடிசனிடம் உதவியாளராயிருந்த கிளாறன்ஸ் டாலி என்பவர் எக்ஸ்-கதிர்க் குழாய்களோடு ஊடாடியமையால் கைகளை இழந்து, 1904ஆம் ஆண்டிலே புற்றுநோயால் மாண்டார். 1927இல் முல்லர் என்பார், பழ ஈக்களின் மீது இக்கதிரைச் செலுத்தின் அவற்றின் பரம்பரையலகுகள் மாற்றமுறும் என்பதை நிறுவினார். எனினும், மிகுதியாகப் பட்டாற்றான் தீங்கு, சிறிதளவு பட்டால் ஒன்றுமில்லை என்பதே பெரும்பாலாரின் துணிபாயிருந்தது. அத்துணிபினாலேயே மகப்பேற்று வைத்தியர், கர்ப்பிணிகளின் இடுப்பெலும்பை அளத்தற்கும், கருவிலிருக்கும் சிசு எவ்வாறு கிடக்கின்றது, ஒன்றோ இரட்டையோ என்று அறிதற்கும் எக்ஸ்-கதிர்ப் படங்களை எடுத்துவந்தனர். தாயின் வயிற்றினூடு செல்லுங் கதிர் சேயின் உடலினூடுஞ் செல்லும் என்பது வெளிப்படை. அதனால் விளைவது யாது என்று முதன்முதலாகக் கணக்கெடுத்துக் கேட்டவர் ஓர் ஆங்கிலப் பெண்மணியாவர்.

அவரே அலிஸ் ஸ்ரூவேட் அம்மையார். 1906ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 4ஆம் திகதி செபீல்ட் நகரிலே பிறந்தவர். தந்தையார் ஏணஸ்ட் நெய்ஷ், தாயார் லூசி ஆகிய இருவரும் வைத்தியர்கள். அந்நகரத்து ஏழைப் பிள்ளைகளின் நலத்துக்காக உழைத்தவர்கள். எட்டுப் பிள்ளைகள் பிறந்த அக்குடும்பத்தில் வைத்தியமென்பது உண்ணும்பொழுதும் உரையாடும் பொருளாயிருந்தமையின், அலிஸ் அத்துறையிற் புகுந்தமை வியப்பன்று. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் கேட்டன் கல்லூரியிற் பயின்றார். அக்காலத்தில் விரிவுரை மண்டபத்துட் பெண்கள் நுழையும்பொழுது ஆண் மாணாக்கர் அவர்கள் வைக்கும் ஒவ்வோரடிக்கும் தரையிற் காலால் உதைத்து ஒலியெழுப்புவராம். பெண்களுக்கு முழுமையான பட்டம் வழங்க அப்பல்கலைக்கழகம் 1948ஆம் ஆண்டுவரை இசையவில்லை என்பதையும் நினைத்தல் தகும். பின்னர் இலண்டன் றோயல் பிறீ வைத்தியசாலையிற் பயின்று 1932இல் வைத்தியராகி, 1946இல், நாற்பது வயது நிரம்புமுன்னரே, வைத்தியர் அரச கல்லூரியின் உறுப்பாளராகத் தெரிவு செய்யப்பட்டார். அவ்வளவு இளமையில் அப்பேறு பெற்ற பெண்மணி அதற்கு முன் எவருமிலர்.

நோயாளியின் படுக்கையருகே நின்று சிறந்த வைத்தியராக விளங்கியிருக்கக் கூடிய அவரை வேறு வழியிற் செலுத்தியது இரண்டாம் உலகப் போராகும். வெடிகுண்டுகளில் மருந்து நிரப்புந் தொழிற்சாலைகளில் வேலைசெய்வோர் அவ்வெடிமருந்தின் நச்சினால் இரத்தங் குன்றி நோயுற்றனர். அதனை ஆராயும் பணி ஒக்ஸ்போட்டிலிருந்த ஸ்ரூவேட் அம்மையாரிடம் ஒப்படைக்கப்பட்டது. பின்னர் நோர்தாம்ரன் மாகாணத்துச் சப்பாத்துத் தொழிலாளரிடையே காசநோய் மிக்கிருத்தற்குக் காரணமென்ன என்பதையும் ஆராய்ந்தார். தனியொருவனுக்கு வந்த நோயைப் பார்ப்பது ஒன்று. ஒரு தொழிலார், ஓரூரார், ஒரு வயதினர் என்னுங் கூட்டத்தில் நோய் எவ்வாறு பரந்துள்ளது எனப் பார்ப்பது மற்றொன்று. 1854இல் இலண்டன் மாநகரில் வாந்திபேதியால் இறந்தோரின் வீடுகளை எண்ணி, ஒரு தண்ணீர்ப் பம்பியே காரணமெனக் காட்டிய ஜோன் சினோ என்பார் சென்ற நெறி இவ்விரண்டாவதேயாம். நோய்ப்பரவலியல் என்பது அதன் பெயர். ஸ்ரூவேட் அம்மையார் அந்நெறியைத் தமதாக்கிக் கொண்டார்.

ஒக்ஸ்போட்டிலே சமூக வைத்தியத்துக்கென 1943இல் ஒரு பீடம் நிறுவப்பட்டது. அதன் பேராசிரியராக ஜோன் றைல் என்பவர் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் பதவியைத் துறந்து வந்திருந்தார். நோய்க்கும் வறுமைக்கும், நோய்க்குந் தொழிலுக்கும் உள்ள தொடர்பை ஆராய்தல் அதன் நோக்கம். 1950இல் றைல் காலமானார். பல்கலைக்கழகத்தார் பேராசிரியர் பதவியை நிரப்பாது விட்டு, நிறுவனத்தைச் சிறியதோர் அலகாகச் சுருக்கி, அதனை ஸ்ரூவேட் அம்மையாரிடம் விட்டனர். பதவி குறைந்தது, பணம் அதனினுங் குறைந்தது. ஆயினும், பெரிய நிறுவனமொன்றிற் பலருக்கு விடைசொல்லிக்கொண்டிருந்தால் அவர் பின்னர் கேட்ட கேள்வியைக் கேட்டிருப்பாரோ என்பது ஐயமே.

அக்கேள்வி எழுந்த வகை இதுவாகும். அக்காலத்தில் இங்கிலாந்திலே குருதிப் புற்றுநோயால் இறப்போரின் தொகை ஆண்டுதோறும் ஏறிக்கொண்டிருந்தது. இறந்தோரின் வயதுகளைப் பகுத்து நோக்கியபொழுது, முதியோரிடத்து மாத்திரமன்றி, இரண்டு முதல் நான்கு வயதுவரையுள்ள குழந்தைகளிடத்தும் அந்நோய் தனியே உயர்ந்து நிற்றல் புலனாயிற்று. பிறந்து மூன்றாண்டு கழியுமுன் புற்றுநோயால் இறக்கும் குழந்தைக்கு அந்நோயின் வித்து எப்பொழுது விழுந்திருத்தல் கூடும்? பிறக்குமுன்னரே விழுந்திருக்கலாம் அன்றோ? அங்ஙனமாயின், கருவுற்ற காலத்து நிகழ்ந்தவற்றை அறிந்தவர் தாயரே. வைத்தியர் மறந்ததையும் தாயர் மறந்திரார் என்று ஸ்ரூவேட் அம்மையார் கருதினார். அக்கருத்தில் தாமும் இரு மக்களைப் பெற்றவர் என்னும் அனுபவமுங் கலந்திருந்தது எனலாம்.

இவ்வாராய்ச்சிக்கு வேண்டிய பொருளைப் பெறுதல் எளிதாயிருக்கவில்லை. ஈற்றிற் கிடைத்தது ஆயிரம் பவுண். அதனை வழங்கியது டாட்டா சீமாட்டி நினைவு நிதியமாகும். பம்பாயில் வாழ்ந்த மெஹர்பாய் டாட்டா சீமாட்டியார் 1931இல் குருதிப் புற்றுநோயால் உயிர்நீத்தமையின், அவர் கணவர் சேர் டோறாப்ஜி டாட்டா அடுத்த ஆண்டு அந்நோயின் ஆராய்ச்சிக்கென அந்நிதியத்தை நிறுவினார். இந்தியச் செல்வரொருவர் மனைவியை இழந்த துயரத்தால் வைத்த பொருள், கால் நூற்றாண்டின் பின் இங்கிலாந்துக் குழந்தைகளின் நோய்க்காரணத்தைக் காண உதவிற்று.

ஆயிரம் பவுணுக்கு நாடெங்கும் ஆட்களை அமர்த்திக் கேள்வி கேட்பித்தல் இயலாது. ஆதலின் ஸ்ரூவேட் அம்மையார் வினாக்கொத்தொன்றை ஆக்கி, அதன் பிரதிகளுடன் புகைவண்டியேறி ஊரூராகச் சென்று, உள்ளூராட்சி மன்றங்களின் சுகாதார வைத்திய அதிகாரிகளை நேரிற் கண்டு, அவரவர் பகுதியிலுள்ள தாயரைத் தாமே விசாரித்துத் தரும்படி வேண்டினார். இருநூற்றுக்கு மேற்பட்ட அதிகாரிகள் கூலியின்றியே அதனைச் செய்துகொடுத்தனர். 1953 முதல் 1955 வரையுள்ள மூன்றாண்டுகளில் இங்கிலாந்திலும் வேல்சிலும் பத்து வயது நிரம்புமுன் குருதிப் புற்றினாலோ பிற புற்றுநோயினாலோ இறந்த குழந்தைகள் ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொள்ளப்பட்டனர். இறந்த ஒவ்வொரு குழந்தைக்கும் இணையாக, அதே வயதும் பாலும் உடையதாய் அதே பகுதியில் உயிரோடிருக்கும் ஒரு குழந்தை தெரியப்பட்டது. இரு தாயரிடமும் ஒரே கேள்விகள் கேட்கப்பட்டன: கருவுற்ற காலத்து உற்ற நோய்கள் யாவை, குழந்தை உண்ட உணவும் நிறமூட்டிய இனிப்பும் யாவை, வீட்டில் நாய் பூனை உண்டா என்பன போலப் பலப்பல. அவற்றினிடையே ஒன்று, கர்ப்பகாலத்தில் எக்ஸ்-கதிர்ப் படம் எடுக்கப்பட்டதா என்பது.

ஈண்டு மாணவர் இம்முறையின் நுட்பத்தைக் கவனித்தல் வேண்டும். குழந்தைப் புற்றுநோய் அரிதானது. கதிர்பட்ட குழந்தைகளைச் சேர்த்து வைத்துக்கொண்டு நோய் வருகிறதா எனக் காத்திருப்பின், பல்லாயிரம் பேரைப் பல்லாண்டு பார்த்தாலும் ஒருசிலரையே காணலாகும். நோயால் இறந்தாரிலிருந்து பின்னோக்கிச் சென்று, அவருக்கு நேர்ந்தது மற்றையோர்க்கும் நேர்ந்ததா எனக் கேட்டால், சில நூறு பேரைக் கொண்டே விடை காணலாம்.

வினாக்கொத்துகள் திரும்பி வரத் தொடங்கிய சின்னாளிலேயே விடை கண்முன் நின்றது. இனிப்பிலும் வளர்ப்புப் பிராணியிலும் வேற்றுமை தோன்றவில்லை. எக்ஸ்-கதிரென்னும் ஒரு கேள்விக்கு மாத்திரம், இறந்த குழந்தைகளின் தாயர் ‘ஆம்’ என்றது மற்றையோர் ‘ஆம்’ என்றதிலும் ஏறத்தாழ இருமடங்காயிருந்தது. 1956ஆம் ஆண்டு செப்டம்பர் முதலாந் திகதி ‘லான்செற்’ என்னும் வைத்திய சஞ்சிகையில் இதனைச் சுருக்கமாக வெளியிட்டனர். 1958 யூன் 28ஆந் திகதி ‘பிரித்தானிய வைத்திய சஞ்சிகை’யில் ஜோசபீன் வெப், டேவிட் ஹியூவிற் ஆகியோருடன் ஸ்ரூவேட் அம்மையார் எழுதிய நீண்ட கட்டுரை வெளிவந்தது. அதிற் கண்ட கணக்கு இது: 1,299 இணைகளிலே, இறந்த குழந்தைகளின் தாயருள் வயிற்றில் எக்ஸ்-கதிர் பட்டவர் 178 பேர், உயிரோடிருக்குங் குழந்தைகளின் தாயருள் 93 பேர்.

இது வெளிவந்த காலத்தையும் நோக்குதல் வேண்டும். 1954இல் பசிபிக் மாகடலிலே பிக்கினி என்னுமிடத்தில் வெடித்த ஐதரசன் குண்டின் சாம்பல் யப்பானிய மீனவர்மேற் பொழிந்தமையால் உலகமெங்கும் அச்சம் பரவியிருந்தது. 1956 யூன் மாதத்திலே பிரித்தானிய வைத்திய ஆராய்ச்சி மன்றமும் அமெரிக்க விஞ்ஞானக் கழகமும் கதிர்வீச்சின் கேடுபற்றிப் பேரறிக்கைகளை வெளியிட்டன. அதே ஆண்டு ஒக்டோபரில் கோல்டர் ஹோல் அணுமின் நிலையத்தை எலிசபெத் அரசியார் திறந்துவைத்தார். சிறிதளவு கதிர்வீச்சினால் தீங்கில்லை என்பது வைத்தியர்க்கு வசதியானதோர் எண்ணம். அரசுகளுக்கோ இன்றியமையாததோர் எண்ணம். இவ்விரண்டின் குறுக்கேயும் ஒரு சிற்றலகின் கணக்குப் போய் நின்றது.

எதிர்ப்புரைகள் பல எழுந்தன. குழந்தையைப் பறிகொடுத்த தாய், ‘என்ன காரணம், என்ன காரணம்’ என்று நினைந்து நினைந்து எல்லாவற்றையும் நினைவிற் கொள்வாள். குழந்தை நலமாயுள்ள தாய் மறந்துவிடுவாள். ஆதலின் வேற்றுமை நினைவின்பாலதேயன்றிக் கதிரின்பாலதன்று என்பது முதலாவது. இது சிறந்த தடையே. எளிதிற் புறக்கணிக்கத் தக்கதன்று. ஸ்ரூவேட் அம்மையார் வைத்தியசாலைப் பதிவேடுகளோடு தாயரின் கூற்றை ஒப்பிட்டுப் பார்த்து, நினைவுப் பிழை இவ்வேற்றுமையை விளக்கப் போதாதெனக் காட்டினார். கதிர்ப்படம் எடுத்ததே தாயிடத்து ஏதோ குறை இருந்தமையாற்றான், அக்குறையே நோய்க்கும் முதல் என்பது இரண்டாவது தடை.

வலிமை மிக்க தடை 1960இல் வந்தது. புகைத்தலே சுவாசப்பைப் புற்றுக்குக் காரணமென 1950இல் பிறட்போட் ஹில் என்பாருடன் நிறுவிப் பெரும்புகழ் பெற்ற றிச்சாட் டோல், கோட் பிறவுண் முதலியோருடன் சேர்ந்து மாற்றாராய்ச்சியொன்றை வெளியிட்டார். இலண்டனிலும் எடின்பரோவிலும் கருவிற் கதிர்பட்ட 39,166 குழந்தைகளை அவர்கள் பின்தொடர்ந்து நோக்கினர். குருதிப் புற்றினால் இறக்கலாமென எதிர்பார்த்த தொகை 10.5, இறந்தோர் 9 பேர். ஆகவே தீங்கில்லை என்றனர். டோலின் பெயருக்கிருந்த மதிப்பினால் அத்துடன் வழக்கு முடிந்ததெனப் பலரும் எண்ணினர். எண்கணிதம் அறிந்த மாணவன் சற்றே நிதானித்தல் வேண்டும். உண்மையான மிகுதி நூற்றுக்கு நாற்பதாயின், எதிர்பார்க்கத் தக்கது ஏறத்தாழப் பதினைந்து இறப்புகளே. பதினைந்து வரவேண்டிய இடத்தில் தற்செயலாக ஒன்பது வருதல் நிகழாத காரியமன்று. நாற்பதினாயிரம் என்னும் பெருந்தொகையும் இவ்வரிய நோய்க்குச் சிறுதொகையேயாயிற்று.

இவ்வழக்கைத் தீர்த்தற்கு அமெரிக்காவிலிருந்து ஒரு சான்று வந்தது. ஹாவாட் பல்கலைக்கழகத்துப் பிறையன் மக்மாகன் என்பவர், தாயரின் நினைவை முற்றாக விலக்கி, 37 வைத்தியசாலைகளிற் பிறந்த ஏழிலட்சத்துக்கு மேற்பட்ட குழந்தைகளை எடுத்து, பிறக்குமுன்னரே எழுதப்பட்ட வைத்தியசாலைப் பதிவேடுகளைக் கொண்டு கணக்கெடுத்தார். ஸ்ரூவேட் அம்மையாரின் முடிபு பிழையென்று காணலாமென்றே பலரும் எதிர்பார்த்திருந்தனர். 1962இல் வெளியான முடிபு வேறாயிருந்தது: கருவிற் கதிர்பட்டோரிடத்துப் புற்றுநோய் இறப்பு நூற்றுக்கு நாற்பது அளவில் மிக்கிருந்தது. இருமடங்கு என முதலிற் கூறியது மிகையாயிருக்கலாம். தீங்கு உண்டென்பது மிகையன்று.

ஸ்ரூவேட் அம்மையாரின் கணக்கெடுப்பு நின்றுவிடவில்லை. ஜோர்ஜ் நீல் என்னும் புள்ளிவிபரவியலாளர் துணைவராக வந்துசேர்ந்தார். 1970இல் இருவரும் வெளியிட்ட கட்டுரை, எடுத்த படங்களின் தொகை ஏற ஏற நோயும் ஏறுதலைக் காட்டிற்று. 1974இல் மோல் என்னும் அறிஞர் அக்கணக்கெடுப்பின் தரவுகளிலிருந்தே மற்றொரு சான்றை எடுத்துக்காட்டினார். இரட்டைக் கருவென ஐயுற்றால் வைத்தியர் படம் எடுப்பது வழக்கம். அதனால் இரட்டையருள் நூற்றுக்கு 55 பேர் கதிர்பட்டனர். தனிப்பிறப்பினருள் 10 பேரே. இரட்டையர்க்குப் படம் எடுத்த காரணம் தாயின் நோயன்று, இரட்டை என்பதேயாம். அவர்களிடத்தும் கதிரினால் வந்த மிகுதி மற்றையோரை ஒத்தேயிருந்தது. இரண்டாவது தடை இதனால் பெரிதுந் தளர்ந்தது. கிரோசிமா, நாகசாக்கி நகரங்களிற் கருவிலிருந்தபொழுது குண்டின் கதிர்பட்ட குழந்தைகளிடம் அத்தகைய நோய் மிகவில்லையே என்னும் வினா எஞ்சிற்று. அந்நகரங்களில் நலிந்தோர் தொற்றுநோயால் முன்னரே மாண்டனர், வலியோரே எஞ்சினர் என்று ஸ்ரூவேட் அம்மையார் விடையிறுத்தார். இவ்விடையை எல்லா அறிஞரும் ஏற்றுக்கொண்டார்களல்லர்.

வழக்கம் மாறுதற்கு வாதம் மாத்திரம் போதாது. மாற்றுக் கருவியும் வேண்டும். கிளாஸ்கோ நகரத்து இயன் டொனல்ட் என்னும் மகப்பேற்றுப் பேராசிரியர், செவிக்கெட்டாத ஒலியலைகளைச் செலுத்தி வயிற்றினுள் இருப்பதைக் காணும் முறையை ‘லான்செற்’ சஞ்சிகையில் வெளியிட்டார். அதுவும் 1958ஆம் ஆண்டு யூன் மாதமே. ஸ்ரூவேட் அம்மையாரின் நீண்ட கட்டுரைக்கு மூன்று வாரம் முந்தியது. எழுபதாம் ஆண்டுகளில் ஒலியலைக் கருவி பரவப் பரவ, கர்ப்பிணிக்கு எக்ஸ்-கதிர்ப் படம் எடுக்கும் வழக்கம் அருகியொழிந்தது. இக்காலத்தில் பெண்ணொருத்தியை எக்ஸ்-கதிர் அறைக்கு அனுப்புமுன் ‘கருவுற்றிருக்கிறீர்களா?’ என்று கேட்பதற்கு மூலம் இவ்வாராய்ச்சியே என்பதை அக்கேள்விக்கு விடைசொல்வோருட் பலர் அறியார்.

1974இல் ஒக்ஸ்போட்டிலிருந்து இளைப்பாறி, ஸ்ரூவேட் அம்மையார் பேர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். இளைப்பாறியோர் மலர்த்தோட்டம் பேணும் வயதில் அவருக்கு இரண்டாவது போர் காத்திருந்தது. அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலத்துக் கொலம்பியா ஆற்றங்கரையிலுள்ள ஹான்போட், நாகசாக்கிக் குண்டுக்குப் புளூட்டோனியம் ஆக்கிய இடமாகும். அங்கு வேலைசெய்தோரின் உடல்நலத்தை ஆராயும்படி அமெரிக்க அணுசக்தி ஆணைக்குழு 1964இல் பிற்ஸ்பேக் பல்கலைக்கழகத்துத் தோமஸ் மங்கூசோ என்பவரை நியமித்திருந்தது. 1974இல் மாநில சுகாதாரப் பகுதியைச் சேர்ந்த சாமுவேல் மில்ஹாம், ஹான்போட் தொழிலாளரிடையே புற்றுநோய் மிக்கிருத்தலைக் கண்டார். அதனை மறுத்து அறிக்கை விடும்படி ஆணைக்குழுவினர் மங்கூசோவைக் கேட்டனர். ஆராய்ச்சி முடியுமுன் அங்ஙனஞ் சொல்ல அவர் இசையவில்லை. அவர் பணிக்கான பொருள் நிறுத்தப்படுமென அறிவிக்கப்பட்டது. எஞ்சியிருந்த காலத்துள் கணக்கை முடிக்க அவர் அழைத்தது ஸ்ரூவேட் அம்மையாரையும் நீலையுமாகும். அனுமதிக்கப்பட்ட அளவுக்குக் கீழ்ப்பட்ட கதிரும் தொழிலாளரிடத்துப் புற்றுநோயை மிகுவித்தது என்றும், குண்டுபட்டோரைக் கொண்டு இட்ட மதிப்பு மிகக் குறைவென்றும் 1977இல் மூவரும் எழுதினர். தரவுகள் அவர்களிடமிருந்து எடுக்கப்பட்டு வேறோரிடத்துக்குக் கொண்டுபோகப்பட்டன. 1978இல் காங்கிரசு மன்றம் இதனை விசாரணைக்கெடுத்தது.

இப்பகுதியில் ஸ்ரூவேட் அம்மையாரின் கணக்கு முழுவதுஞ் சரியென்று சாதித்தல் பொருந்தாது. வேறு புள்ளிவிபரவியலாளர் அதே தரவுகளை ஆராய்ந்தபொழுது அத்துணை மிகுதியைக் கண்டிலர். முறையிலும் குறை கூறினர். ஆயினும் வினா சரியான வினா. தரவைப் பூட்டிவைத்தவர் செயலோ எவ்வாற்றானும் ஒப்பத்தக்கதன்று. 1990இல் அமெரிக்க அரசு அணுத்தொழிலாளர் பற்றிய ஆராய்ச்சிப் பொறுப்பைச் சுகாதாரத் திணைக்களத்துக்கு மாற்றிற்று. பிரான்சு, பிரித்தானியா, அமெரிக்கா ஆகிய மூன்று நாட்டு அணுத்தொழிலாளர் மூன்றிலட்சத்துக்கு மேற்பட்டோரைக் கொண்டு செய்த ஆராய்ச்சி 2015இலும் 2023இலும் வெளிவந்தது. சிறிது சிறிதாகப் பட்ட கதிரும் புற்றுநோய் இறப்பை அளவுக்கேற்பக் கூட்டுதலை அது காட்டியுள்ளது.

1986இல் சுவீடன் தேசத்தார் ‘நல்வாழ்வுப் பரிசு’ என்னும் பரிசை ஸ்ரூவேட் அம்மையாருக்கு வழங்கினர். தம் தாய்நாட்டில் அவர் நெடுங்காலம் பேசப்படாதிருந்தார். அதன் காரணத்தை ஆராய்வதிலும், 1997ஆம் ஆண்டு வெளிவந்த ஒரு கட்டுரையைச் சுட்டுதல் பயன் தரும். கருவிற் பட்ட கதிரும் குழந்தைப் புற்றுநோயும் என்னும் பொருள்பற்றி அதுகாறும் வந்த சான்றுகள் யாவற்றையும் ஒன்றுசேர்த்து நிறுத்தும் அக்கட்டுரை, எக்ஸ்-கதிர்ப் படமொன்றினாற் படுஞ் சிற்றளவும் நோய்க்குக் காரணமாதல் கூடுமென முடிவுகூறுகின்றது. அதன் கணக்குப்படி, பழைய முறையிற் படமெடுத்தலால் வந்த மிகை பதினாயிரங் குழந்தைகளுக்கு ஆறு அளவாகும். எழுதியவர் இருவர். ஒருவர் றிச்சாட் வேக்போட். மற்றவர், 1960இல் தீங்கில்லை என்று எழுதிய அதே சேர் றிச்சாட் டோல். தம் பழைய முடிபைத் தாமே மாற்றி எழுதுதற்கு வேண்டிய நேர்மை அவரிடமும் இருந்தது.

அக்கட்டுரை வெளிவந்தபொழுது அலிஸ் ஸ்ரூவேட் அம்மையாருக்கு வயது தொண்ணூறு. 2002ஆம் ஆண்டு யூன் மாதம் 23ஆந் திகதி அவர் காலமானார்.